பச்சைக் கறியைக் கையாளும் வரிசை: கறிக்கடையிலிருந்து மறுநாள் குழம்பு வரை

கோழியில் மசாலாவைப் பிசைந்துகொண்டிருக்கும்போது உப்பு போதாது என்று தோன்றுகிறது. அதே கையால் உப்பு ஜாடியைத் திறக்கிறோம். அடுப்பைக் குறைக்கக் குமிழைத் திருப்புகிறோம். ஃபோன் அடிக்கிறது, சுண்டுவிரலால் தொட்டு எடுத்துப் பேசுகிறோம். அப்புறம் குழாயைத் திறந்து சோப்பு போட்டுக் கையைக் கழுவுகிறோம். கை சுத்தம்தான். ஆனால் உப்பு ஜாடி, அடுப்புக் குமிழ், ஃபோன், குழாய் நான்கிலும் கறி நீர் ஒட்டியிருக்கிறது. கழுவிய கையால் அதே குழாயை மூடும்போது அது திரும்பக் கைக்கே வந்துவிடுகிறது.

சில வருடங்கள் ஒரு சிறிய மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தேன். இப்போது அறை எடுத்துத் தங்கிச் சமைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் காட்சியைப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை குறைவு. அவர்கள் யாரும் சுத்தம் பார்க்காதவர்கள் இல்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒருமுறை நான்கு பேர் வயிற்றுப்போக்கில் படுத்தோம். எல்லோரும் கோழிக்குழம்பைச் சந்தேகப்பட்டோம். அது அரை மணி நேரம் கொதித்த குழம்பு. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: கோழி வெட்டிய பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, அதிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கியிருந்தோம். கறி அடுப்புக்குப் போனது. வெங்காயம் போகவில்லை. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை, அடுப்புக்குப் போகாத அந்த வெங்காயத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. கடைக்குப் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மூடி இறுக்கமாக உள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. தூக்குவாளியும் சரி, பெரிய சம்படமும் சரி. மெல்லிய பாலித்தீன் பையை எலும்பு முனை குத்திவிடும். கசியும் நீர் கூடையில் இருக்கும் கொத்தமல்லியில் இறங்கும்.

கறிக்கென்று தனியாக ஒரு வெட்டுப்பலகையும் ஒரு கத்தியும். அரிவாள்மனை பயன்படுத்தும் வீட்டில் இரண்டு மனை வைத்துக்கொள்வது எல்லோருக்கும் முடியாது. அப்படியானால் காய்கறி முழுவதையும் முதலில் அரிந்து முடித்துவிட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரில் ஒன்றைப் பாதியாக வெட்டி, கறிப் பாத்திரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கத் துணி வேண்டாம், பழைய செய்தித்தாளோ காகிதத் துண்டோ போதும். துணி ஒரு இடத்து ஈரத்தை எடுத்துப் பத்து இடத்தில் பூசும்.

முடிந்தால் சமையலுக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஊசி போன்ற முனையுடைய டிஜிட்டல் வகை, விலை அதிகமில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது ஏறக்குறைய 42 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். நமக்கு 74 டிகிரி வரை பார்க்க வேண்டும். புதிதாக வாங்கியதை ஐஸ் கட்டி நிறைந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள், பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் நம்பலாம்.

2. கடையில் கவனிக்க வேண்டியது

மற்ற எல்லாம் வாங்கி முடித்து, கடைசியாகக் கறிக்கடைக்குப் போங்கள். அங்கிருந்து நேராக வீடு. கண் முன்னால் அறுத்த கோழி புதியதுதான், ஆனால் அது சூடாக இருக்கிறது. உயிருள்ள கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்குப் பக்கம். கிருமிகள் வேகமாகப் பெருகுவதற்கு ஏற்ற சூடு அது. குளிரூட்டாத புதுக்கறி விஷயத்தில் கடிகாரம் அறுத்த நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது.

பொதுக் கணக்கு இது: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளிவெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் மார்ச் முதல் ஜூலை வரை பகல் முழுக்க ஒரு மணி நேரக் கணக்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறியைக் காலையிலேயே வாங்குவதற்கும் காரணம் இதுதான். ஆறு மணிக்குத் தொங்கவிட்ட தொடை, பதினொரு மணிக்கும் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

குழம்புக்கு, வறுவலுக்கு, பிரியாணிக்கு என்று எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கத்தி எடுக்கும் வேலையே இல்லாமல் போனால் பலகை, கத்தி, தெறிக்கும் நீர் என்று மூன்று தொல்லைகள் ஒரே அடியில் குறைகின்றன. ஈரல், குடல் போன்றவற்றைத் தனிக் கட்டாக வாங்குங்கள். ஒரே வாளித் தண்ணீரில் எல்லோருடைய கறியையும் முக்கி எடுக்கும் கடையாக இருந்தால் ‘முக்காமல் கொடுங்கள்’ என்று சொல்லிவிடலாம். முதல் கோழியில் இருந்தது அந்தத் தண்ணீர் வழியாகக் கடைசிக் கோழி வரை போகும்.

ரத்தம் வாங்குபவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அதைவிடச் சத்தான உணவு கிருமிகளுக்குக் கிடைக்காது. வாங்கிவந்த உடனேயே வேகவைத்துவிடுங்கள், மாலைப் பொரியலுக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

3. வீட்டுக்கு வந்ததும்: இன்றா, நாளையா, அடுத்த வாரமா

வந்த உடனே இதை முடிவு செய்யுங்கள். ‘கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாம்’ என்று மேடையில் வைப்பதில்தான் அந்த ஒரு மணி நேரம் கரைகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் சமைப்பதென்றால் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. இல்லையென்றால் மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. கீழ்த்தட்டுதான், வேறு எங்கும் வேண்டாம். மேலே வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் தயிர்க் கிண்ணத்திலோ மாவுச் சட்டியிலோ விழும். தோசை மாவு வெந்துவிடும், தயிர் வேகாது.

ஃப்ரிட்ஜின் உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து, மறுநாள் காலை அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். கோடையில் குமிழை ஒரு புள்ளி கூட்ட வேண்டியிருக்கும். கோழி, கொத்துக்கறி, ஈரல் மூன்றுக்கும் ஃப்ரிட்ஜில் ஒன்றிலிருந்து இரண்டு நாள்தான் ஆயுள். துண்டுகளாக உள்ள ஆட்டுக்கறி மூன்று நாள் தாங்கும், நன்றாகக் குளிரும் ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் வரைகூடப் போகும். கொத்துக்கறிக்கு ஏன் குறைவு? முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது.

அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசர், 18 டிகிரி மைனஸில். ஒரு வேளைக்குத் தேவையான அளவைத் தனித்தனிப் பையில் போட்டு, தட்டையாக அழுத்தி, தேதி எழுதி வையுங்கள். இரண்டு கிலோவை ஒரே உருண்டையாக உறையவைத்தால் அரைக் கிலோ எடுக்க முழுவதையும் இளக்க வேண்டிவரும். உறையவைப்பது கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மின்தடை பற்றி ஒரு வார்த்தை. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாள் முன்கூட்டியே தெரிந்தால், அதற்கு முந்தைய இரவே ஃப்ரிட்ஜில் உள்ள கறியைச் சமைத்துவிடுங்கள், இல்லையேல் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.

4. உறைந்த கறியை இளக்குதல்

காலையில் எடுத்து மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து சமைப்பது. அறையில் தங்கும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. நடுப்பகுதி இன்னும் கட்டியாக இருக்கும்போதே மேற்பகுதி அறை வெப்பத்துக்கு வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும்.

இதற்குச் சரியான வழி மூன்று. முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றலாம்; கசியும் நீர் தேங்க அடியில் ஒரு தட்டு வேண்டும். அவசரம் என்றால் நீர் புகாத பையோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றலாம். தட்டையாக உறையவைத்த அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். மூன்றாவது மைக்ரோவேவ். அதில் ஓரங்கள் வேகத் தொடங்கிவிடும் என்பதால் எடுத்த கையோடு சமைக்க வேண்டும். தண்ணீரில் இளக்கிய கறிக்கும் இதே விதிதான்.

வெந்நீர் ஊற்றி இளக்க வேண்டாம். அதிலும் மேற்பகுதிதான் முதலில் சூடேறும்.

5. கறியைத் தொடும் முன் முடித்துவிட வேண்டியவை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

வெங்காயம், தக்காளி, மிளகாய், கொத்தமல்லி, புதினா எல்லாவற்றையும் நறுக்குங்கள். பச்சடியைக் கலந்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சை வெட்டித் தனித்தட்டில் ஒதுக்குங்கள். பச்சையாகச் சாப்பிடும் எதுவும் இனி மேடையில் இருக்கக் கூடாது.

அடுத்து மசாலா. அஞ்சறைப் பெட்டியிலிருந்து தேவையான மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துவிட்டுப் பெட்டியை மூடி உள்ளே வையுங்கள். உப்பில் இன்னும் இரண்டு சிட்டிகையைத் தனிக் கிண்ணத்தில் கூடுதலாக எடுத்து வையுங்கள், நடுவில் குறைந்தால் ஜாடியைத் தொட வேண்டியிராது. தயிர், இஞ்சி பூண்டு விழுது, எண்ணெய் எல்லாம் அளந்து வைத்தாயிற்றா? கிண்ணத்திலேயே கலந்து உப்பு, காரம் ருசி பார்த்துவிடுங்கள். கறியில் பிசைந்த பிறகு விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பச்சைக் கோழியை நக்குவதுதான். கேம்பிலோபாக்டர் என்ற கிருமி சில நூறு இருந்தாலே நோயைத் தரக்கூடியது.

பாத்திரம் மூடி திறந்து, கரண்டி எடுத்து, அடுப்பில் வாணலி ஏற்றி, சோப்பை அழுத்தி எடுக்கும் குப்பியாகக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்து, ஃபோனை வேறு அறையில் விட்டு, குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகு கறிப் பாத்திரத்தைத் திறக்கலாம். பதினைந்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் அதற்குப் பின் கறிக்கை வேறு எதையும் தொடத் தேவையே வராது.

6. கழுவலாமா, கூடாதா

இதில் வாக்குவாதம் ஓயாது. கிருமியைக் கொல்வது சூடு மட்டும்தான். தண்ணீர் கொல்லாது. மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி ஐந்து நிமிடம் வைப்பதும் கொல்லாது, எலுமிச்சையும் வினிகரும் அப்படியே. அவை வாடையைக் குறைக்கும், அவ்வளவுதான். மாறாக, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் சிங்கைச் சுற்றிக் கழுவி வைத்த தட்டுகள் வரை போகின்றன.

அமெரிக்க வேளாண் துறை 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்கில் கிருமி இருந்தது, சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேரின் சிங்கில் மிச்சமிருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட் இலைக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் இலையில் கிருமி இருந்தது. கையையும் பாத்திரத்தையும் சரியாகக் கழுவாததுதான் காரணம். கழுவாமல் விட்டால் மட்டும் போதாது, ஐந்தாம் படி இல்லாமல் எதுவும் போதாது.

பாக்கெட்டில் வரும் சுத்தம் செய்த கோழியைக் கழுவவே வேண்டாம் என்பது என் முடிவு. தெருக்கடையில் வெட்டிய கோழியில் எலும்புத்தூளும் ரத்தக்கட்டியும் இறகுத் துணுக்கும் இருக்கும், அதைக் கழுவாமல் சமையுங்கள் என்று நம் வீடுகளில் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கும் மனம் வராது. அப்படியானால் இப்படிச் செய்யுங்கள்.

சிங்கிலும் அதன் பக்கத்திலும் உள்ள பாத்திரங்களை எல்லாம் அப்புறப்படுத்துங்கள். ஆழமான பாத்திரத்தில் முதலிலேயே பாதி தண்ணீர் பிடித்துக் குழாயை மூடுங்கள். கறியை அதில் மெதுவாக இறக்கி, தண்ணீருக்குள்ளேயே கையால் துழாவுங்கள். கறித்துண்டு நீர்மட்டத்துக்கு மேலே வரக் கூடாது, அப்போதுதான் தெறிக்காது. அந்த நீரைச் சிங்கின் துளைக்குப் பக்கத்தில் சாய்த்து ஊற்றுங்கள். இரண்டாவது தடவைக்கான தண்ணீரை முன்பே இன்னொரு பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்தால் கறிக்கையால் குழாயைத் தொட வேண்டாம். இரண்டு தடவை போதும். ஐந்து ஆறு தடவை கழுவுவதால் கறி சுத்தமாவதில்லை, சிங்க்தான் அழுக்காகிறது.

7. மசாலா தடவி ஊறவைத்தல்

ஒரு கை கறிக்கு, மறு கை மற்றதற்கு. வலது கையால் பிசைந்தால் கிண்ணம் எடுப்பதும் கரண்டி பிடிப்பதும் இடது கை. பழகும் வரை சிரமமாக இருக்கும்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டுமானால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தயிரும் எலுமிச்சையும் இருப்பதால் வெளியிலேயே இருக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. அந்த அளவுப் புளிப்பு கிருமியைத் தடுக்கப் போதாது.

ஊறவைத்த பாத்திரத்தின் அடியில் மிஞ்சும் மசாலாவை வீணாக்க மனம் வராது. அதைக் குழம்பில் ஊற்றுவதானால் தொடக்கத்திலேயே ஊற்றி, குழம்போடு கொதிக்கவிடுங்கள். இறக்கும் நேரத்தில் வழித்து ஊற்றுவதும், பொரித்த துண்டுகளின் மேல் தடவுவதும் கூடாது.

8. சுத்தம் செய்யும் வரிசை

கறி அடுப்பில் ஏறியதும் சாப்பாட்டு வேலைக்குப் போகாமல் இதை முடித்துவிடுங்கள்.

முதலில் கை. குழாயை முழங்கையால் திறக்க முடியாத வகை என்றால் மறு கையால் திறங்கள். சோப்பு நுரையோடு 20 விநாடி, விரலிடுக்கு, நகக்கண், மோதிரத்தின் அடி எல்லாம். அடுத்து கத்தி, பலகை, பாத்திரங்கள், அந்தத் தனி நார் கொண்டு சோப்பு போட்டு. அதன் பிறகு கொதிக்கும் தண்ணீர். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், முதலில் வெந்நீர் ஊற்றிவிடுகிறார்கள். கறியின் கொழுப்புப் படலத்துக்குக் கீழே கிருமி பத்திரமாக இருக்கும். சோப்பு அந்தப் படலத்தைக் கரைத்தால்தான் வெந்நீர் வேலை செய்யும்.

பாத்திரங்கள் முடிந்த பிறகு சிங்க், சிங்கின் ஓரம், குழாய், மேடை. பாத்திரத்துக்கு முன்பே சிங்கைக் கழுவினால் இரண்டு முறை கழுவ வேண்டும். மரப்பலகையை நிமிர்த்தி வைத்து வெயிலில் காயவிடுங்கள், ஈரத்தோடு படுக்கவைக்காதீர்கள். வெட்டு வெட்டாகப் பள்ளம் விழுந்த பிளாஸ்டிக் பலகையை மாற்றுங்கள், அந்தப் பள்ளங்களுக்குள் நார் போகாது.

கடைசியாக மறுபடி கை. கறிக்கவரையும் கழிவையும் பையில் கட்டி அன்றே வெளியேற்றுங்கள்.

9. வேகவைத்தல்

கோழி எந்தப் பகுதியானாலும், ஈரலானாலும், உள்ளே 74 டிகிரி. கொத்துக்கறிக்கு 71. தெர்மாமீட்டரை மிகத் தடிமனான துண்டின் நடுவில் குத்துங்கள், எலும்பில் முட்டக் கூடாது. எலும்பு சதையைவிட வேறு வேகத்தில் சூடேறும், தவறான எண் காட்டும்.

குழம்பிலும் குக்கரிலும் எனக்கு அதிகக் கவலை இல்லை. குழம்பு கொதித்தாலே 100 டிகிரிக்குப் பக்கம், குக்கரில் அதற்கும் மேல். கவலை எல்லாம் பொரிப்பதிலும் சுடுவதிலும்தான். சிக்கன் 65 போடும்போது எண்ணெய் மிகவும் காய்ந்திருந்தால் மேலே இரண்டு நிமிடத்தில் சிவந்துவிடும், உள்ளே பச்சை. சிவப்புப் பொடி வேறு கண்ணை ஏமாற்றும். துண்டுகள் சிறியதாக இருக்கட்டும், ஒரே நேரத்தில் நிறையப் போட வேண்டாம், எண்ணெய் நடுத்தரச் சூட்டில் இருக்கட்டும். முழுதாக இளகாத துண்டை எண்ணெயில் போடவே கூடாது.

நிறத்தை மட்டும் நம்ப முடியாது. நம் கடைகளில் வரும் பிராய்லர் ஆறு வாரம்கூட ஆகாத குஞ்சு, எலும்பு இன்னும் முற்றியிருக்காது. உள்ளிருக்கும் மஜ்ஜையின் நிறம் கசிந்து, நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருக்கலாம். மறுபுறம், வெளுத்துப்போன சதை 74 டிகிரியைத் தொடாமலும் இருக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பெரிய துண்டைப் பிளந்து பாருங்கள்: வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், சதை கண்ணாடிபோல் வழவழப்பாக இல்லாமல் நார் நாராகப் பிரிய வேண்டும். சந்தேகம் வந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

ஈரலும் சுவரொட்டியும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தம் ஊறும் என்று குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் தணலில் லேசாக வாட்டிக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஈரலில் கிருமி மேலே மட்டும் இருப்பதில்லை, உள்ளேயும் இருக்கக்கூடும். நோய் வந்தால் தாங்க முடியாதவர்களுக்கே அரைவேக்காடாகக் கொடுக்கிறோம். நன்றாக வேகவைத்தாலும் இரும்புச்சத்து அப்படியேதான் இருக்கும்.

கோலா உருண்டையை ஒன்று உடைத்துப் பார்த்துவிட்டு மீதியை இறக்குங்கள். இன்னொன்று: பாதி வெந்த துண்டைப் புரட்டிய கரண்டியாலேயே வெந்ததை எடுக்காதீர்கள், நடுவில் கரண்டியை மாற்றுங்கள். பச்சைக் கறி இருந்த தட்டில் பொரித்ததை வைப்பது இதன் இன்னொரு வடிவம். புதியவர்களில் பாதிப் பேராவது இதில் விழுகிறார்கள், ஏனென்றால் அந்தத் தட்டுதான் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும்.

தொட்டுக்கொள்ள மயோனைஸ் செய்யும் பழக்கம் இருந்தால் பச்சை முட்டை வேண்டாம். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸ் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்ததற்குக் காரணமே சால்மோனெல்லா போன்ற கிருமிகள்தான். கோழியை 74 டிகிரியில் வேகவைத்துவிட்டு அதன் மேல் பச்சை முட்டையை ஊற்றுவதில் பொருள் இல்லை.

10. மிஞ்சிய குழம்பும் பிரியாணியும்

வெந்த பிறகு ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். மெஸ்ஸில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது, பாதி ஆபத்து அதற்குப் பிறகுதான் என்பது.

சில கிருமிகள் விதைபோல ஒரு வடிவம் எடுத்துக் கொதிநிலையையும் தாங்கிவிடும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கறிக்குழம்பில் இப்படித் தங்கும். பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் தங்கும், எனவே பிரியாணிக்கும் உண்டு. குழம்பு ஆறி 45 டிகிரிக்குப் பக்கம் வரும்போது முதலாவது விழித்துக்கொள்ளும். அதற்குப் பிடித்த சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பெரிய பாத்திரத்தில் நான்கைந்து லிட்டர் குழம்பை மூடி வைத்தால் அந்தச் சூட்டைக் கடக்கவே பல மணி நேரம் எடுக்கும்.

அதனால் சாப்பிட்டு முடித்த உடனே மீதியை அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். இரண்டு விரற்கடை உயரம் போதும். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரத்தை உட்காரவைத்துக் கிளறினால் இன்னும் வேகமாக ஆறும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ‘முழுக்க ஆறிய பிறகுதான் வைக்க வேண்டும்’ என்று இரவு பதினொரு மணி வரை காத்திருப்பதுதான் கெடுதல். இறக்கிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம், வெயில் காலத்தில் ஒன்று. அடுத்த மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மறுநாள் சூடு செய்யும்போது ஓரத்தில் குமிழி வந்தால் போதாது, நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். தேவையான அளவை மட்டும் எடுத்துச் சூடு செய்யுங்கள், முழுவதையும் சூடாக்கி ஆறவைத்து மறுபடி சூடாக்கினால் ஒவ்வொரு முறையும் அந்த 45 டிகிரியைக் கடக்கிறோம்.

‘நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும், நாங்கள் சுண்டவைத்துச் சாப்பிட்டவர்கள்தானே’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். சுண்டக்குழம்புக்காரர்கள் இரவே சூடாக்கி, காலையிலும் சூடாக்கி, நீர் வற்றும் வரை அடுப்பை விட்டு நகராமல் வைத்தார்கள். நாம் இரவு முழுக்க மேடையில் விட்டுவிட்டுக் காலையில் ஒரு கொதி விடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. அதோடு, கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் உணவில் பெருகினால் ஒரு நச்சை விட்டுச் செல்லும், பேசில்லஸ் சீரியஸுக்கும் அப்படி ஒன்று உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அந்த நச்சுகள் அழியாது. வாசனை மாறாது, ருசி மாறாது. இரவு முழுக்க வெளியில் இருந்த கறிக்குழம்பை முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதால், அதைக் கொட்டிவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வருத்தமாகத்தான் இருக்கும்.

11. அப்படியும் வயிறு கெட்டால்

கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றம் சொல்லிவிடாதீர்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு அரை மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியாக வரும். பெர்ஃப்ரிஞ்சன்ஸ் ஆறு முதல் 24 மணி நேரம். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை, கேம்பிலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமைக் கோழி புதன்கிழமை படுக்கவைக்கலாம்.

முதலில் இழந்த நீரை ஈடுகட்ட வேண்டும். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை, சுட்டு ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரைப் பொட்டலம், இரண்டு டம்ளர் என்று கண்மதிப்பில் கலக்கக் கூடாது, உப்பின் அளவு மாறினால் பயன் போய்விடும். மலத்தில் ரத்தம், 102 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குடித்த நீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் மிகக் குறைதல், எழுந்தால் தலைசுற்றல், மூன்று நாளைத் தாண்டிய வயிற்றுப்போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், 65-ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது அது நோயை முற்றவைக்கக்கூடும்.

வீட்டில் சமைப்பவருக்கே வந்துவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்று முழுதாக இரண்டு நாள் கழியும் வரை வேறொருவர் சமைக்கட்டும்.